குணா வளர்த்த படிகம்

நம் காலை ரயில் பெட்டியின் வாட்சப் குழுவில் ‘குணா போயிட்டாரு’ என்று வந்தது. ‘எந்த வண்டில?’ என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது.

அண்ணனூரில் ஏறும் குணசேகரனை நம் பெட்டியில் தெரியாதவர் இல்லை. பௌதிகத்தில் டாக்டர் பட்டம், ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை. உலையில் காந்தப் படிகம் வளர்ப்பவர். பத்தாவதைத் தாண்டாத நான், “கத்திரிச் செடி மாதிரியா?” என்று கேட்டேன். “ஆமாண்ணா, தண்ணி மட்டும் ஊத்தக் கூடாது” என்றார்.

ஒருநாள் வண்டி சிக்னலில் நின்றபோது என்னையும் வெல்டர் பெருமாளையும் பூக்கார வசந்தாவையும் முக்கோணமாக நிறுத்தினார். பக்கத்து ஆள் பார்க்கும் திசைக்கு நேரெதிராகத் திரும்ப வேண்டும், அதுதான் விதி. நானும் வசந்தாவும் திரும்பிவிட்டோம். பெருமாள் பம்பரமாகச் சுற்றினான். “இன்னா நைனா இது, எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒருத்தரோட சேந்துக்கினு நிக்கிறேன்!”

“அந்தத் தவிப்புதான் இந்தப் படிகம். உள்ள இருக்கிற குட்டிக் காந்தமெல்லாம் இப்படித்தான் தவிக்கும். ஆனா ஓரத்துல மின்சாரம் ஒரே பக்கமா ஓடும்ணா. கீறல் வந்தா சுத்திக்கினு போகும். ரெண்டா உடைச்சா, உடைஞ்ச ஓரத்துலயும் ஓடும். அதைக் காட்டத்தான் படாதபாடு படுறோம்” என்றார் குணா.

பெட்டியில் நடக்கும் ஆயுத பூசைக்கு நான் ஸ்பேனர் வைத்தேன். அவர் மாத்திரை டப்பாவில் மிளகளவு கறுப்புப் படிகத் துணுக்கு ஒன்றை வைத்தார். உடைந்துபோனதால் ஆய்வுக்கூடத்தில் கழித்துவிட்டார்களாம். பெருமாள் வைத்த குங்குமத்தில் அது காணாமலே போனது. “பூசை பண்ணதைக் குப்பைல போடக் கூடாது. நீங்களே வெச்சுக்குங்கண்ணா” என்று என்னிடம் தந்துவிட்டார்.

முழுப் படிகத்தில் அவர்கள் தேடிய ஓர மின்சாரம் கிடைத்தது. “ஆராய்ச்சிக் கட்டுரைல பேரு வந்துட்டா போதும்ணா, எங்கயாச்சும் நிரந்தரமா சேந்துடுவேன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கட்டுரை வந்தது. அவர் பெயர் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஆளுக்கு எதற்குப் பெயர் என்றார்களாம். அதன்பின் வேறு வேலை தேடி அலையத்தான் அவர் வண்டி ஏறினார். கடைசியில் மாரடைப்பு.

பருத்திப்பட்டு வீட்டுக்கு ஆய்வுக்கூடத்துப் பெரியவர் ஒருவர் மாலையோடு வந்தார். “அவரு கைராசி யாருக்கும் வராது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, குணாவின் மனைவி மலரிடம் கேட்டார்: “இப்ப வளக்கிறது எதுவும் சரியா வரலம்மா. வீட்ல சாம்பிள் ஏதாச்சும் இருக்குமா?”

டப்பா என் சட்டைப்பையில் இருந்தது. குணாவின் கையில் வைத்து அனுப்பலாம் என்று எடுத்துப் போய், மலரிடம் காட்டியிருந்தேன். மலர் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

“உங்க கட்டுரைல தேடிப் பாருங்க சார். அதுல அவரு இல்லன்னா இங்கயும் ஒண்ணுமில்ல.”

டப்பாவை மலர் என்னிடமே விட்டுவிட்டாள். “இதுல இப்பவும் ஓடுதாப்பா?” என்று என் மகள் கேட்கிறாள். உடைந்த ஓரத்திலும் ஓடும் என்று அவர் படிகத்தைத்தான் சொன்னார். நான்தான் மனுஷனுக்கும் சேர்த்து நம்பித் தொலைத்தேன்.

வரும் பூசைக்கு எடுத்து வருகிறேன். பெருமாளு, பொட்டைச் சின்னதாக வை. நம் பெட்டியிலாவது அவர் வெளியே தெரியட்டும்.