கொடைக்கானல் மலையில் நின்ற கருவாட்டு வேன்

கருவாட்டு வீச்சத்தோடு எரியாத பெட்ரோல் நெடியும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் மூக்கில் பட்டால், குமட்டலுக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

எங்கள் கடற்கரை ஊரான திரேஸ்புரத்தில் பெரியப்பாவுக்கு ஒரு பழைய பெட்ரோல் வேன் இருந்தது. வாரம் ஒருமுறை கருவாட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போகும், ஓட்டுவது அப்பா, கூடப் பெரியப்பாவும் போவார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அங்கே பிள்ளை பெற்றிருந்த சித்தியைப் பார்க்க அம்மாவும் நானும் அதில் போனோம். அம்மா முன்னால் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், நான் பின்னால் மூட்டைகளின்மேல்.

ஊருக்குள் பேயாய்ப் பறக்கும் வேன், மலையில் பாதி தூரம் ஏறியதும் திணறி, கரும்புகை கக்கி, ஒரு வளைவில் ஒரேயடியாக நின்றுவிட்டது. அப்பா பெட்ரோல் குழாயை ஊதினார், பிளக்கைத் துடைத்தார். பெரியப்பா எதையும் திறந்து பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"ஏலே, பொம்பள ஏறுனா வள்ளமே உருப்படாது, வேன் எப்படில ஏறும்? எறங்கச் சொல்லு."

மீன்பிடி வள்ளத்தில் பெண் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் தெரு ஆண்களின் சட்டம். அதைக் கடலோடு விட்டுவிடாமல் மலைக்கும் கொண்டுவந்திருந்தார். ஒரு மூட்டையைக்கூட இறக்க மனம் வராதவர்கள் அம்மாவை இறக்கினார்கள். "கொஞ்சம் நடந்து வா, ஏளா" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். நான் சின்னப்பிள்ளையாம், கணக்கில் இல்லை.

இந்தப் பேச்சிலேயே அரைமணி நேரம் போயிருந்தது. அப்பா மறுபடி சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. "பாத்தியால!" என்று பெரியப்பா தொடையில் தட்டினார். நிறுத்தினால் மறுபடி மக்கர் பண்ணும் என்று நிறுத்தாமலே போனார்கள். பனிமூட்டத்தில், ரப்பர் செருப்போடு, நூல் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்துவந்த அம்மாவைப் பின்பக்கத்திலிருந்து பார்த்து அழுதேன். மேலே ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவர்கள் இரண்டு டீ குடித்தார்கள்.

பிற்பாடு ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. உயரம் போகப்போகக் காற்று மெலியும். பழைய கார்புரேட்டரோ கடற்கரையில் ஊற்றிய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். எரியாதது கரும்புகையாகும், இழுவை போகும். சூடேறிய குழாயில் பெட்ரோல் அங்கே சீக்கிரமே ஆவியாகி அடைத்துக்கொள்ளும், ஆறினால் சரியாகிவிடும். அன்றைக்கு ஆறியது எஞ்சின், அவ்வளவுதான். பெரியப்பாவிடம் படம் வரைந்து காட்டினேன். சிரித்தார். கல்யாண வீடுகளில் இன்னமும் அந்தக் கதையைச் சொல்கிறார், அப்பாவும் கூடச் சிரிக்கிறார்.

அந்த வேன்களெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன. இன்றைய வண்டி காற்றை அளந்து, தானே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. போன மாதம் என் காரில் அம்மாவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனேன். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு வந்தவள் முன்கதவைத் தொடவில்லை.

"நான் பின்னால இருந்துக்கிடுதேன். முன்னால இருந்தா ஒனக்கு வண்டி ஏறாது."

"ஓட்டுறது யாரும்மா? நான் பொம்பள இல்லையா?" என்று நடுரோட்டில் கத்தினேன்.

அம்மா பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.