பொட்டு வைத்த ரவுட்டர்

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல? நோண்டிக் கெடுத்துறாத," என்றார் மாமா, புசல்லாவையில் எங்கள் வீட்டுக்கு நான் ரவுட்டர் வாங்கி வந்த அன்று. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். சிரித்துக்கொண்டேன்.

சரஸ்வதி பூசையன்று அம்மா அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தார். வழவழப்பான முன்பக்கத்தில் நிற்காததால், பின்னால் ஒட்டியிருந்த லேபிளின் ஓரத்தில் வைத்தார். அழகாக இருந்ததால் படமெடுத்து முகநூலில் போட்டேன்.

மறுநாள் காலை, கண்டி நிறுவனமொன்றின் இணையவழி நேர்முகத் தேர்வு. பார்த்தால், எங்கள் வைஃபையின் பெயரே "தேங்ஸ் அக்கா" என்று மாறியிருந்தது! பழைய பாஸ்வேர்டும் வேலை செய்யவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். பொட்டுக்குப் பக்கத்தில், லேபிளில் அச்சிட்டிருந்த, நான் மாற்றாமலே விட்டிருந்த வைஃபை பாஸ்வேர்டும் செட்டிங்ஸ் பாஸ்வேர்டும் பளிச்சென்று தெரிந்தன. அக்கம்பக்கத்தில் யாரோ அதைப் பார்த்தே நுழைந்திருக்கிறார்கள்.

அம்மாவின் சேலை ஊக்கால் ரீசெட் துளையை அழுத்தினேன். விளக்குகள் அணைந்தன. "செத்துப்போச்சா?" என்றார் அம்மா. மீண்டும் எரிந்தன; வாங்கி வந்த அன்று இருந்தபடியே எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. செட்டிங்ஸைத் திறந்து மலைத்துப்போனேன். கைக்குள் அடங்கும் பெட்டிக்குள் இத்தனை வாசல்களா, இத்தனை பூட்டுகளா! இரண்டு பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட்டு நேர்முகத் தேர்வில் உட்கார்ந்தேன். வேலையும் கிடைத்தது.

இப்போதெல்லாம் படம் போடுமுன் பின்னால் என்ன தெரிகிறதென்று பார்க்கிறேன். நேற்று மாமா வீட்டு ரவுட்டருக்கும் புதுப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தேன். அவர் குனிந்து பார்த்து, "இன்னும் உள்ளுக்கு என்னென்ன இருக்கு, காட்டு புள்ள," என்றார்.