சாலையைக் கழுவி வைத்த காலை

எங்கள் வாசலிலிருந்து பாத்திரக் கடை முனை வரைக்கும் நடைபாதையில் சாதாரணமாக முப்பத்தொரு இரு சக்கர வண்டிகள் நிற்கும். ஏகாதசி என்றால் நாற்பதைத் தாண்டும். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவன் நான். எதைப் பார்த்தாலும் எண்ணாமல் நகர முடியாது. ஆனால் இந்த வண்டிகளை எண்ண ஆரம்பித்தது பழக்கத்தால் அல்ல, பயத்தால்.

ராஜகோபுரத்திலிருந்து அம்மாமண்டபம் போகிற சாலை எங்களுடையது. எதிர் வாடையில், எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற வீட்டில், என் மனைவியின் தங்கை இருக்கிறாள். பக்கவாதம் வந்து படுத்தவள். மகன் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகல் முழுக்கத் தனி. என் மனைவி தினமும் அங்கே போய், தலை வாரிவிட்டு, சாதம் ஊட்டிவிட்டு, மத்தியானம் திரும்புவாள். போன ஆடியில் நடைபாதையில் கால் வைக்க இடமில்லாமல் சாலையில் இறங்கியவளை ஒரு பைக் இடித்தது. முழங்காலில் அடி. கையில் தடி வந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. நான் கூட்டிப் போகிறேன் என்றால், "உங்களையும் சேர்த்து யார் பார்த்துக்கறது?" என்பாள். எனக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல். தங்கைக்குப் பேச்சு குழறும். போனில் பாதி புரியாது. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, இளைத்துக்கொண்டே போகிறாள் என்று அவள் மகன் சொன்னான். அன்று முதல் என் மனைவியும் தட்டில் பாதியை மிச்சம் வைத்தாள்.

தெருக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சிக்கு மனு கொடுத்தோம். நடைபாதையை நடப்பவர்களுக்கு விட வேண்டும், எங்கள் வாசலுக்கு நேரே சாலையைக் கடக்க வெள்ளைக் கோடும் வேகத்தடையும் வேண்டும், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எங்களுக்குச் செயலாளர். அவர் அலைந்த அலைச்சலுக்குக் கடைசியில் ஓர் இன்ஜினியர் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். காலை பத்து மணிக்கு வருவார், அரை மணி நேரம்தான், பிறகு கே.கே. நகரில் வேறு வேலை.

அன்று பால் வாங்க வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நடைபாதையில் ஒரு வண்டி கூட இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். வாசலுக்கு வாசல் கோலம். பாத்திரக் கடைக்காரர் வெளியே அடுக்குகிற குடங்களையும் அண்டாக்களையும் உள்ளே இழுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"எப்படி சார் இருக்கு? வண்டியெல்லாம் பின் சந்துக்கு அனுப்பிட்டோம். ஆடியில பெருமாள் அம்மாமண்டபம் போறப்ப பண்ற மாதிரியே பண்ணிட்டோம்ல!"

பெருமாள் இந்த வழியாக எழுந்தருளும் நாளில் எங்கள் சாலை யாரும் சொல்லாமலே இப்படி ஒதுங்கிக்கொள்ளும். ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் இந்த ஊருக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஐயோ, எல்லாத்தையும் திரும்பக் கொண்டு வந்து வைங்க" என்றேன்.

அதற்குள் செயலாளர் வந்துவிட்டார். கையில் கோலமாவு. "என்ன சார் பேசறீங்க? ஒருத்தர் நம்மளத் தேடி வர்றார். குப்பையும் கூளமுமாவா காட்டறது?"

"அதைக் காட்டத்தானேம்மா அவரைக் கூப்பிட்டதே!"

அவர் கையிலிருந்த கோலமாவைப் பார்த்தார். பிறகு, "அதுக்காகக் கழுவாம விட முடியுமா" என்றார், பாதிக் குரலில். பின் சந்துக்கு ஓடினேன். வண்டிகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. சாவிகள் முப்பத்தொரு வீட்டில்.

இன்ஜினியர் சொன்ன நேரத்துக்கு வந்தார். இளைஞர், மரியாதையானவர். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்தார். முனை வரை போனார், கைகளை வீசிக்கொண்டு திரும்பி வந்தார்.

"பிளாட்பாரம் நல்லாத்தானே இருக்கு? இவ்வளவு அகலமா ஊர்ல வேற எங்கயும் கிடையாதுங்க."

"தினமும் இப்படி இருக்காதுங்க. இன்னிக்கு…"

"மனுவுல முப்பது வண்டின்னு எழுதியிருந்தீங்க."

"முப்பத்தொண்ணு."

"எங்கே சார்?"

எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. இவர் போய் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிவிட்டால் மனு அதோடு முடிந்தது. எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். திரை அசையவில்லை.

அவர் ஜீப்பின் கதவில் கை வைத்துவிட்டார். செயலாளர்தான் குறுக்கே போய் நின்றார். "காபி சாப்பிடாம போகக் கூடாது."

"இல்லம்மா, நேரம்…"

"டிகாக்‌ஷன் இறங்கிட்டு இருக்கு. ரெண்டே நிமிஷம்."

அப்போதுதான் ஃபில்டரில் பொடி போடச் சொல்லித் தன் வீட்டுக்குப் போன் செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வாசலில் நாற்காலி போட்டோம். நான் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடை திறக்கும் நேரம். ஒரு ஸ்கூட்டர் வந்து நடைபாதையில் ஏறியது. எனக்கு உயிர் வந்தது. இரண்டு. மூன்று. வெளியூர் வேன் ஒன்று ஓரம்கட்டி யாத்ரீகர்களை இறக்கியது. பாத்திரக் கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். வெளியே குடம் இல்லாத கடைக்குள் யார் நுழைவார்கள்? ஒரு அண்டாவை வெளியே வைத்தார். பிறகு இன்னொன்று. காபி வந்தபோது பதினேழு வண்டிகள்.

இன்ஜினியர் டம்ளரை வாங்கியபோது உள்ளேயிருந்து தடியின் சத்தம் கேட்டது. என் மனைவி, கையில் தூக்குச் சட்டியோடு.

"எங்கே போறே?"

"அதான் சார் வந்திருக்காரே. நான் போயிட்டு வரேன்."

நான் சொல்லி அவள் வரவில்லை. மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நடைபாதையில் சிறிது தூரம் போனாள். ஒரு பைக் வழி மறித்தது. சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கினாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் ஹாரனை அழுத்தியபடி வந்தது. அவள் நகரவில்லை. நகர முடியவில்லை. பஸ் அவள் புடவையை உரசிக்கொண்டு போனது.

இன்ஜினியர் டம்ளரை அந்த பைக்கின் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கி ஓடினார். அவள் பக்கத்தில் நின்று கையை நீட்டினார். ஒருவரும் நிற்கவில்லை. ஆட்டோ, வேன், பைக், பைக், மறுபடியும் பஸ். நான் எண்ணத் தொடங்கி எங்கோ விட்டுவிட்டேன். ஓர் இடைவெளி கிடைத்ததும் இருவரும் போனார்கள். பாதியில் நின்றார்கள். மறுபடி போனார்கள். எதிர் வீட்டுக் கதவைத் திறந்து அவள் உள்ளே போன பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

இன்ஜினியர் திரும்பி வர வேண்டும். ஜீப் இந்தப் பக்கம். காலை எடுத்து வைப்பதும் பின்வாங்குவதுமாக அங்கேயே நின்றார்.

"சார், பார்த்து!" என்று கத்தினார் பாத்திரக் கடைக்காரர். "எங்களுக்குப் பழக்கம், உங்களுக்கு இல்ல!"

வந்து சேர்ந்தபோது அவருக்குச் சட்டை நனைந்திருந்தது. காபி ஆறிப்போயிருந்தது, அதையே குடித்தார். "கோடு போட்டுடலாம். வேகத்தடைக்கு போலீஸ்ல கேட்கணும். வண்டிங்களை எடுக்கறது உங்க கையிலதான் இருக்கு. திரும்பவும் வந்து பார்ப்பேன். ஆனா சொல்லிட்டு வர மாட்டேன்."

கோடு போட வந்தவர்களும் சொல்லாமல்தான் வந்தார்கள். நான் சத்தம் கேட்டு இறங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றிருக்கிறது. யாருடையது என்று கேட்டும் ஆள் கிடைக்கவில்லையாம். அது நின்ற இடத்தை விட்டுவிட்டு, சுற்றிப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வண்டி பாத்திரக் கடைக்காரருடையது. அவர் பஸ்ஸில் சத்திரம் போயிருந்தார். வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

வேகத்தடை இன்னும் வரவில்லை. வண்டிகள் இப்போது இருபத்தாறு. தங்கை இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள் என்று மகன் சொல்கிறான். காலையில் என் மனைவி தூக்குச் சட்டியோடு கிளம்புவதற்கு முன்பே நான் போய், கோடு விழாத அந்த ஒரு ஸ்கூட்டர் அகலத்தில், வேறு வண்டி வந்து நிற்காதபடி, நின்றுகொள்கிறேன். எதிர்ப் பக்கத்துக் கதவு மூடும் வரை நகர்வதில்லை.