புழக்கடையில் நின்றவளுக்கு ஓர் இலை

எனக்கு இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் என்ன, காதால் கேட்ட கதையில் ஒரு சொல்லைக்கூட நான் மறந்தவளில்லை.

கரமனையில் எங்கள் கூட்டுக் குடும்பத்து வீட்டில் எங்களுக்குக் கதை வாசித்தவள் சித்தி. சித்தப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். மூத்தாள் தானாகவே ஆற்றில் இறங்கி உயிரை விட்டவள். குழந்தைகளான எங்களிடம் ஜுரம் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

மத்தியானம் பெரியம்மா உறங்கப் போனதும் சித்தி மாதப் பத்திரிகையைப் பிரிப்பாள். அதில் வரும் தொடர்கதையில் ஒருத்தி, விளக்கு வைக்கும் நேரத்தில், நனைந்த புடவையோடு புழக்கடை வாசலில் வந்து நிற்பாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். உள்ளே எத்தனை இலை போட்டிருக்கிறது என்று மட்டும் பார்ப்பாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கோ பயம் ஒரு பக்கம். பசியோடு நிற்கிறாளே என்று சோறு இறங்காதது ஒரு பக்கம்.

சுமங்கலிப் பிரார்த்தனை வந்தது. சுமங்கலியாகவே இறந்துபோன வீட்டுப் பெண்களை அழைத்து இலை போடும் நாள். துர்மரணம் என்று மூத்தாளை மட்டும் பெரியம்மா அழைப்பதில்லை. அது எனக்கு எங்கே தெரியும்? நான் போய்ப் பெரியம்மாவின் புடவையைப் பிடித்தேன்.

"பெரியம்மா, புழக்கடையில நிக்கறாளே, அவளுக்கும் ஒரு இலை போடுங்கோ."

"யாருடி நிக்கறா? வெறுதே பேத்தாதே."

"நனைஞ்ச புடவையோட. ஒண்ணும் கேக்கமாட்டா. இலையை எண்ணிண்டு நிப்பா."

பெரியம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சித்தி அவள் கையை இறுகப் பிடித்தாள்.

பெரியம்மா தானே புழக்கடையில் இலை போட்டு, போளி வரை ஒன்று விடாமல் பரிமாறினாள். "வாடிம்மா, வந்து சாப்பிடு" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. கதவைச் சாத்தினோம். திறந்தபோது படி ஈரமாக இருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் சித்தி அதே பத்திரிகையைப் பிரித்ததும் மிச்சக் கதையைக் கேட்டேன்.

"முடிஞ்சு போச்சுடி கொழந்தே."

"அவ சாப்பிட்டாளா?"

"வயிறு நெறயச் சாப்பிட்டா. இனிமே வரமாட்டா."

எங்காத்துப் புழக்கடையில் நேற்று நடந்தது அந்தப் பத்திரிகைக்காரருக்கு அதற்குள் எப்படித் தெரிந்தது என்றுதான் நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.