அக்காவின் ரிசப்ஷனும் என் பாட்டு விமர்சனமும்

பாட்டு விமர்சனம் எழுதுவது, கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று சாம்பாரில் உப்பில்லை என்று அறிவிப்பது போன்ற தொழில். உப்பில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னவளைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள்.

ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் இளைஞர் பக்கத்தில் பாடகர்களையும் அவர்களின் அல்பங்களையும் பற்றி எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் கம்பஸுக்குப் போகிறேன். இந்த ஒழுங்கு மறுவளமாக இருக்கவேண்டும் என்பது அம்மாவின் கட்சி. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு வீட்டிலும் வீதியிலும் வாங்கிக் கட்டிக்கொண்ட தோழர் தோழியரே, இது உங்களுக்காக. அக்காவின் கல்யாணம் போன கிழமை நல்லபடியாக முடிந்துவிட்டது. அதனால்தான் இப்போது மூச்சு விட்டு எழுத முடிகிறது.

கேட்டுவிட்டுப் பேசியவள்

கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பாடகர் சுகிர்தனின் ‘மரைன் டிரைவ் மழை’ இறுவட்டு வெளியீடு. சுகிர்தனின் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஏதாவதொரு கல்யாணத்தில் அவர் பாடப் பாட நீங்கள் ஐஸ்கிறீம் சாப்பிட்டிருப்பீர்கள். எங்கள் வெளியீட்டு விழாக்களின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும்: மங்கல விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, முதற்பிரதி வாங்க ஒரு வர்த்தகப் பிரமுகர், பிறகு பாட்டுகளை நயந்து பேசும் நயவுரை, கடைசியில் ஏற்புரை. சீடி போட்டுக் கேட்க இப்போது யார் வீட்டிலும் வசதி இல்லை. ஆனால் கையில் சீடி இல்லாமல் மேடையில் படம் எடுக்க முடியாதே! நயவுரை என் தலையில் விழுந்தது.

நான் பாட்டுகளை முன்கூட்டியே வாங்கித் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தேன். எட்டுப் பாட்டு. ஏழில் அதே கீபோர்ட் தாளம், அதே எக்கோ. மனிதர் கிணற்றுக்குள் இருந்து பாடுகிறாரோ என்று தோன்றும். எட்டாவதில் மட்டும் ஒரேயொரு கிற்றாரோடு தனியாகப் பாடியிருந்தார். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிப்போனது. இரண்டையும் ஒளிக்காமல் மேடையில் சொன்னேன். முதற்பிரதி வாங்கிய பிரமுகர் தன் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இறங்கி வந்ததும் விழா அமைப்பாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபமில்லை, உண்மையான கவலை. “தங்கச்சி, நயவுரை செய்ய வாறவை சீடியைப் பிறகுதான் கேக்கிறவை.”

எங்கட ஆள்

பேசியதோடு விட்டேனா? எழுதினேன். இந்தியாவிலிருந்து வரும் பாட்டென்றால் தாளம், வரி, மிக்ஸிங் என்று தோண்டித் துருவுகிறோம். எங்கட ஆள் என்றால் மட்டும் ‘முயற்சி பாராட்டுக்குரியது’ என்று ஒரு வரி போட்டு அனுப்பிவிடுகிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற வசனம் அது. பரிதாபத்துக்குப் பட்டுவேட்டி கட்டிவிட்டால் மரியாதை ஆகிவிடுமா? ஒருவரைக் கலைஞராக மதித்தால் அவரோடு சண்டை பிடிக்கவேண்டும். சுகிர்தன் கீபோர்டை நம்புவதை விட்டுத் தன் குரலை நம்பவேண்டும் என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது.

அன்று பின்னேரம் அம்மாவும் அக்காவும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சிரித்த முகத்தோடு வந்தார்கள். மாப்பிள்ளை சீதனம் கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. ரிசப்ஷனில் சுகிர்தன் வந்து பாடவேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. சுகிர்தனின் குழுவுக்குச் சொல்லியும் ஆகிவிட்டதாம். முகூர்த்தக் காலம், இனி வேறு குழுவும் கிடைக்காது. அக்கா கதிரையில் சாய்ந்து, மேசையிலிருந்த பத்திரிகையைப் பிரித்தாள். பிறகு எழுந்து நின்றாள். “நாளைக்கே போய் அந்தாளிட்ட மன்னிப்புக் கேள். அவர் வரமாட்டன் எண்டா, என்ர ரிசப்ஷனுக்கு நீதான் மேடையில ஏறிப் பாடவேணும்!”

என் குரலைப் பற்றி என்னிடமே ஒரு விமர்சனம் இருக்கிறது. ஆகவே புறப்பட்டேன்.

ட்ராஃபிக்குக்கு ஏற்ற இசை

சுகிர்தனின் குழு பயிற்சி எடுப்பது கொட்டாஞ்சேனையில். நான் ஏறிய த்ரீவீல் ஓட்டோ புறக்கோட்டையில் மாட்டிக்கொண்டது. முன்னால் லொறி, பின்னால் பஸ், என் தலைக்குப் பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர். சென்னையின் பெரிய இசையமைப்பாளர் ஒருவரின் புதிய படப் பாட்டுகள். அறிமுகப் பாட்டுக்கும் அதே விசில், காதல் பாட்டுக்கும் அதே விசில், அம்மா சாகிற பாட்டுக்கும் அதே விசில். நான் போகிற காரியத்துக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்தி. ஆனால் ட்ரைவர் நானாவிடம் கேட்டுவிட்டேன்: “நானா, எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு, உங்களுக்கு அலுக்கேல்லையா?”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் அறியாமையை மன்னித்துவிட்ட முகம். “ஒரே மாதிரி இரிந்தாத்தான் மிஸ் நல்லம். ட்ராஃபிக்ல எவ்வளவு நேரம் நிக்கிறோம் எண்டு வெளங்காது.”

கீபோர்டின் தரப்பு

பயிற்சி அறை ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். சுகிர்தன் இல்லை. கீபோர்ட் வாசிக்கும் ரெஜி மட்டும் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை, விளக்கம் சொல்ல வந்தேன் என்று தொடங்கி, எட்டாவது பாட்டு ஏன் நல்லது, மற்ற ஏழும் ஏன் சரியில்லை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ஏழுக்கும் தாளம் போட்டவரே அவர்தான் என்பது நடுவில்தான் உறைத்தது. அவரோ தலையாட்டிக்கொண்டிருந்தார். தாளத்தை மாத்துவோம் என்று அவரும் கேட்டாராம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தட்டோடு நின்று தலையாட்ட இதுதான் சரி என்று சுகிர்தன் விடவில்லையாம்.

“அவர் எங்கே?” என்று கேட்டேன். பேப்பர் வந்ததிலிருந்து போன் ஓஃப், வீட்டுக்குப் போய்த் தட்டியும் கதவு திறக்கவில்லை என்றார். ரெஜி கீபோர்டை உறைக்குள் போட்டு சிப்பை இழுத்தார். “நீங்க எழுதினது சரிதான் மிஸ். ஆனா சரியா எழுதுறவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு யாரு வந்து பாடுவா?”

ஆசிரியரின் யோசனை

வீட்டில் அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். மறுப்பு எழுதிப் போடு என்று அம்மா கெஞ்சினார். பாட்டு மாறவில்லையே, நான் மட்டும் எப்படி மாறி எழுதுவது? கூறைச்சீலையும் வாங்கியாகிவிட்டது, பாடகர் வருவாரா என்பதுதான் யாருக்கும் தெரியாது. எங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நிறையக் கலைஞர்களிடம் நிறைய வாங்கிக் கட்டிய மனிதர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “உம்மட அக்கான்ர கலியாணம் முடியுமட்டும் செத்துப்போன பாடகர்களைப் பற்றி எழுதும் பிள்ளை. அவை ரிசப்ஷனுக்கு வரமாட்டினம்.”

எட்டாவது பாட்டு

ரிசப்ஷன் அன்று ரெஜியும் குழுவும் வந்துவிட்டார்கள். சுகிர்தனைக் காணவில்லை. வெறும் வாத்தியம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மேடையிலிருந்து வாசலைப் பார்க்கிறார். அக்கா மேடையிலிருந்து என்னைப் பார்க்கிறாள். அத்தனை பவுடருக்கு மேலாலும் அந்தப் பார்வை சுட்டது. நான் மனதுக்குள் எனக்குத் தெரிந்த பாட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கக் கதவால் ஒரு கிற்றார் வந்தது, அதன் பின்னால் சுகிர்தன். ரெஜிக்குக் கையைக் காட்டி கீபோர்டை நிறுத்தினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். எட்டாவது பாட்டு. எக்கோ இல்லை, தாளம் இல்லை. மண்டபத்தில் கரண்டிச் சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றது. மாப்பிள்ளை அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா அழுதுவிட்டாள்; அவளுக்கு மேக்கப் போட்டுவிட்ட அன்ரி டிஷ்யூவோடு ஓடினார். என் நெஞ்சில் கிழமைக்கணக்காகக் குந்தியிருந்த கல் அந்த இடத்திலேயே இறங்கிப்போனது. பிறகு மற்ற ஏழு பாட்டும் வந்தன. பெரியம்மாமார் எல்லோரும் எழுந்து ஆடினார்கள். அந்த ஏழைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றமில்லை. நானும் ஆடினேன்.

சாப்பாட்டு நேரத்தில் சுகிர்தன் நேரே என்னிடம் வந்தார். நான் வாதத்துக்குத் தயாராக நிமிர்ந்து நின்றேன். அவர் சிரித்தார். “கோவத்தில போனை நிப்பாட்டிப்போட்டுக் கிடந்தனான் தங்கச்சி. அதுக்குள்ள மனிசி உங்கட கட்டுரையை வெட்டி ஃப்ரிட்ஜில ஒட்டிப்போட்டா, ‘கட்டின நாளில இருந்து நான் சொல்லுறதை ஒரு பிள்ளை பேப்பரில போட்டிருக்கு’ எண்டு. இப்ப எனக்கு உங்களில கோவமில்லை, தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜடிக்குப் போகத்தான் பயம்.”

ஆக, ஒரு பாடகரைப் பற்றி நாம் எவ்வளவு காரமாக எழுதினாலும், அதைவிடக் காரமான விமர்சகர் ஒருவர் அவர் வீட்டுக் குசினியில், எழுதப் பத்திரிகை இல்லாமல் இருக்கிறார் என்று நம்பி நிம்மதியாகத் தூங்கலாம்.