ஆயுத பூஜையன்று திறந்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் கம்பெனியில் லைனை நிறுத்திவிடுவார்கள். ஏர் கன் பிடித்து ஒவ்வொரு மெஷினாகத் தூசி ஊதுவோம். கழற்ற முடிந்ததைக் கழற்றி, துடைத்து, மாட்டுவோம். பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் பூஜையன்று காலை வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

அது மகளுடையது. பர்கூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்திருந்தாள். தலைக்குக் குளிக்கப் போயிருந்த நேரம்.

உள்ளே அடைஅடையாகத் தூசி. சைக்கிள் பம்பால் ஊதினேன். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். நீளமாக ஒரு பச்சைத் தகடு, இரண்டு பக்கமும் கிளிப் பிடித்து நின்றது. அதையும் எடுத்துத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். வெளியே சந்தனம், குங்குமம் வைத்தேன்.

ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. பீப் பீப் என்று விடாமல் கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

மகள் ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

“என்னாப்பா பண்ணீங்க?”

“தூசி தட்டினேன்.”

“தூசி மட்டுந்தானா?”

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அதற்குள் இருந்தது. லீவானாலும் அன்று சாயந்திரம் ஐந்து மணிக்குள் மெயிலில் அனுப்பியாக வேண்டும். பென்டிரைவில் இருந்தது போன வாரம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள்.

சமையலறையில் இருந்து வீட்டுக்காரி சொன்னாள்: “கம்பெனில மெஷின் தீந்துபோச்சுன்னு வீட்டுக்கு வந்துட்டாரு. இருங்க, மிக்ஸிய எடுத்து ஒளிச்சு வைக்கறேன்.”

மகள் சிரிக்கவில்லை.

கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் என் வண்டியில் பின்னால் ஏறினாள். மூக்கண்டப்பள்ளி ரோடு முழுக்க உடைத்த பூசணிக்காய். வழுக்காமல் மெதுவாகப் போனேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை திறந்திருந்தது. கடைக்காரர் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர் எல்லாவற்றையும் வாழை இலையில் அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார்.

“எல்லாம் சாமிகிட்ட இருக்குண்ணா. நாளைக்குக் கற்பூரம் காட்டித்தான் எடுப்பேன்.”

“அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்ண்ணா,” என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்த்தார். இலையைப் பார்த்தார்.

“இன்னிக்கு நான் வேலைல கை வைக்க மாட்டேன்மா. கரென்ட் தரேன், காது தரேன். கை உங்கப்பாவோடது.”

கடையில் இருந்த திரையோடு சேர்த்து நான் வயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். அவர் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார்.

“ரேம் உக்காரல. அந்தப் பச்சைத் தகடு. யாரு மாட்டினது?”

“நான்தான்.”

“அமுக்கினீங்களா?”

“வச்சேன்.”

“வெச்சா போதாதுண்ணா. அமுக்கணும். ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வரணும்.”

எனக்கு அமுக்க வராது. லைனில் நான் பேரிங் பொருத்துகிறவன். கையால் தள்ளி உள்ளே போகவில்லை என்றால் நிறுத்து, சூப்பர்வைசரைக் கூப்பிடு. சேர்ந்த அன்றே சொன்னது. ஒரே ஒரு தடவை தட்டி இறக்கினேன். பாகம் விரிசல் விட்டது. மூன்று நாள் வெளியே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எதையும் பலம் கொடுத்து மாட்டியதில்லை. வீட்டில் கேஸ் ரெகுலேட்டரைக்கூட வீட்டுக்காரிதான் மாட்டுவாள்.

வயரைப் பிடுங்கிவிட்டுக் கட்டைவிரலை வைத்தேன். அமுக்கினேன். அடியில் போர்டு வளைந்தது. கையை எடுத்துவிட்டேன்.

“உடைஞ்சிடும்.”

“வளையும், உடையாது. என்னாண்ணா நீங்க, கோழிக்குஞ்சப் புடிக்கற மாதிரி புடிக்கறீங்க.”

“உடைஞ்சா?”

கடைக்காரர் மகளைப் பார்த்தார். மகள்தான் பேசினாள்.

“அமுக்குங்கப்பா. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

காலையில் இருந்து அவள் என்னைத் திட்டவே இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அமுக்கினேன். டக். அடுத்த பக்கம். டக். கிளிப் தானாக நிமிர்ந்து பிடித்துக்கொண்டது.

வயரை மாட்டினேன். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது.

மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரிப்போர்ட்டைத் திறந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தள்ளிப் பார்த்தாள். நாற்பது பக்கமும் இருந்தது. கடை நெட்டிலேயே அனுப்பினாள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

நான் வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒரு கை பொரி கொடுத்தார். வாங்கும்போது மகள் என் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் தகட்டின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“வலிக்குதாப்பா?”

“இல்ல,” என்றேன்.

வலித்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.