கிளிக் கிண்ணத்தில் கை வைத்தவர்

மூன்றாம் வகுப்பு படித்தபோது நான் உலகத்தில் யாரையும் நம்புவதில்லை. அழிரப்பர் தொலைந்தால் வகுப்பு முழுவதையும் சந்தேகப்படுவேன். அந்த வருஷம் எங்கள் முடிச்சூர் வீட்டில் என் சந்தேகத்தில் மாட்டியவர் சாச்சி, அதாவது அத்தா என்று நான் கூப்பிடும் அப்பாவின் தம்பி சாச்சாவுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டே மாதம் ஆகியிருந்த புதுப்பெண்.

சாச்சா எனக்கு இரண்டு காக்கட்டீல் கிளிகள் வாங்கித் தந்திருந்தார். வெறும் தினையைத் தின்று தின்று ஒன்று கொழுத்துப்போய், பறக்கவே சோம்பியது. இப்படியே விட்டால் ஈரல் கெட்டுச் செத்துவிடும், காய்கறி கொடுங்கள் என்றார் கால்நடை டாக்டர். நான் அழுத அழுகையில் சாச்சிதான் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். காலையில் கேரட்டைத் துருவுவார், பீன்ஸைப் பொடியாக அரிவார், முருங்கைக்கீரை உருவிப் போட்டு முளைகட்டிய பச்சைப்பயறும் வெந்த சோளமும் சேர்ப்பார். உப்பு ஒரு கல் கூடக் கிடையாது. பாதியைக் கூண்டில் வைத்து, சாயங்காலத்துக்கான மீதியைக் கிண்ணத்தில் மூடி ஃப்ரிட்ஜில் வைப்பார்.

நோன்பு மாதம் வந்தது. பெரியவர்கள் எல்லாருக்கும் நோன்பு. பகலில் கிளிகளுக்கும் எனக்கும்தான் சாப்பாடு. ஒருநாள் மத்தியானம் ஃப்ரிட்ஜைத் திறந்தால் கிண்ணம் பாதியாகக் குறைந்திருந்தது. மறுநாள் காலையில் சோளமணிகளை எண்ணி ரஃப் நோட்டில் எழுதி வைத்தேன். நாற்பது. மத்தியானம் பார்த்தபோது பதினாறு. எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால், முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சாச்சி கிண்ணத்திலிருந்து அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. நோன்பை ஏமாற்றுவது, கிளியை ஏமாற்றுவது, இரண்டில் எது பெரிய குற்றம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கிளி விஷயம்தான்.

அன்று நோன்பு திறக்க எல்லாரும் விரிப்பில் உட்கார்ந்திருந்தோம். சாச்சி கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சாச்சிக்கு எதுக்குப் பேரீச்சம்பழம்? அவங்கதான் மத்தியானமே கிளி சாப்பாட்டத் தின்னுட்டாங்களே” என்றேன். நோட்டையும் விரித்துக் காட்டினேன்.

அத்தா கஞ்சிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். சாச்சா ஃபேனைப் பார்த்தார். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றிக் கிடந்தது.

“வாய மூடிக்கினு கஞ்சியக் குடிடி!”

கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போன சாச்சி, பள்ளிவாசலில் பாங்கு சொல்லியும் வெளியே வரவில்லை. குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் ஓடி ஒளிவார்கள் என்று நினைத்தேன். பிடித்துக் கொடுத்த எனக்கு எதற்குத் திட்டு என்பதுதான் புரியவில்லை. அம்மாவும் உடந்தையோ என்று அவரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த நான்கு நாளும் கிண்ணத்தில் யாரும் கை வைக்கவில்லை. சாச்சி வெளிறிப்போன முகத்தோடு, ஒரு கையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேரட் துருவினார். மத்தியானம் அவரே கிண்ணத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

“எண்ணிப் பாத்துக்கோம்மா. நாப்பது இருக்குதா?”

எண்ணினேன். இருந்தது. நோட்டில் பெரிதாக டிக் போட்டேன்.

ஐந்து வருஷம் கழித்து, ஒரு நோன்பு மாதத்தில், பெண்கள் தொழவும் நோன்பு வைக்கவும் கூடாத அந்த நாட்கள் எனக்கும் வந்தன. அத்தாவும் சாச்சாவும் வீட்டில் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்ற வெட்கத்தில், வயிற்றுவலியோடும் பசியோடும், தண்ணீர் குடிக்கக்கூட எழாமல் அறையில் சுருண்டு கிடந்தேன். சாச்சி வந்து கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தார். கிளிகளுக்கு அரிந்ததேதான், உப்பு மட்டும் லேசாகத் தூவியிருந்தது.

“கிளிக்கு இன்னிக்குக் கொஞ்சம் கூடவே அரிஞ்சுட்டேன். கதவச் சாத்திக்கினு சாப்பிடு. நான் வெளிய நிக்கிறேன்.”

ஒரு வாய் அள்ளியதுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. சோளமணியெல்லாம் எண்ணி எழுதிய என் நோட்டில், அந்த நான்கு நாளும் சாச்சி என்ன சாப்பிட்டார் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை.